முதலில் பின்மூடியைத் திறவுங்கள்

வீட்டுப் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால் நம் ஊர்களில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்." விற்ற கடைக்காரர் அதைச் சொல்கிறார். கம்ப்யூட்டர் படித்த உறவுக்காரர் சொல்கிறார். மெஷினைத் திறந்துகூடப் பார்க்காத சர்வீஸ் ஆளும் சொல்கிறார். பலரும் சொல்லிச் சொல்லி இன்று அது கேள்வி கேட்கத் தேவையில்லாத பொது அறிவாக நிலைத்துவிட்டது. அந்தப் பொது அறிவு தவறு. காகிதம் சிக்கியதை வைத்துப் பிரிண்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. பெரும்பாலும் அது காகிதத்தின் நிலையையும் ஒரு சிறிய ரப்பர் உருளையின் நிலையையும் நமக்குத் தெரிவிக்கிறது. அதைச் சரிசெய்யும் வேலை, பொறுமையுள்ள யாரும் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. "உனக்கு இதெல்லாம் புரியாது" என்று நம்மை நாமே நம்பவைத்துக்கொண்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

திருமுக்கூடல் போன்ற ஊரில் இது சில்லறை விஷயமில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இந்தக் கரையில் ஒரு வீட்டில் பிரிண்டர் இருந்தால், அது அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தேர்வு ஹால் டிக்கெட், பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்ட் எல்லாம் இன்று செல்போனுக்குத்தான் வருகின்றன. கேட்கிற இடத்தில் மட்டும் காகிதம் கேட்கிறார்கள். இரவில் ஒரு ஹால் டிக்கெட் தேவைப்பட்டால், பாலத்தைக் கடந்து பழையசீவரம் போய், அங்கிருந்து வாலாஜாபாத்தில் திறந்திருக்கும் ஜெராக்ஸ் கடையைத் தேடுவதைவிட, நாலு வீடு தள்ளியிருக்கும் பிரிண்டரின் கதவைத் தட்டுவதே இயல்பு. அப்படித் தெருவுக்கே உதவும் ஒரு மெஷினை, உள்ளே ஒரு தாள் மடங்கிக்கொண்டதற்காகப் பரணில் ஏற்றச் சொல்வதைச் சிக்கனம் என்கிறார்கள். எனக்கு அது ஊதாரித்தனமாகப் படுகிறது.

திரையில் ஜாம் என்று வரும்போது உள்ளே என்ன நடக்கிறது? டிரேயிலிருந்து வெளிவாய் வரை காகிதம் போகும் பாதையில் சில சிறிய பிளாஸ்டிக் நெம்புகோல்கள் இருக்கின்றன. தாளின் முனை வந்து தட்டினால் நெம்புகோல் சாயும். அதன் மறுமுனை ஓர் ஒளிக்கதிரின் குறுக்கே வந்தோ விலகியோ சென்சாருக்குச் செய்தி சொல்லும். தாள் எங்கே இருக்கிறது என்று மெஷின் பெரும்பாலும் இப்படித்தான் தெரிந்துகொள்கிறது. உருளை சுழலத் தொடங்கியதும் இவ்வளவு நேரத்துக்குள் முதல் நெம்புகோல் சாய வேண்டும், இவ்வளவு நேரத்துக்குள் கடைசி நெம்புகோல் நிமிர வேண்டும் என்று அதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கணக்கு தவறினால் மோட்டாரை நிறுத்திவிட்டு ஜாம் என்று அறிவிக்கும். தாள் தாமதமாக வந்தாலும் ஜாம். தாள் போய்விட்ட பிறகும் நெம்புகோல் நிமிராமல் கிடந்தாலும் ஜாம். அப்படி நிற்பது மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. நிற்காமல் ஓடியிருந்தால் கியரின் பல் உடைந்திருக்கும்.

இது தெரியாததால்தான் "போர்டு போயிடுச்சு" என்ற தீர்ப்பு இவ்வளவு சுலபமாக எடுபடுகிறது. எங்கள் தெருவில் வீட்டிலிருந்தபடியே விண்ணப்பம் நிரப்பித் தரும் பெண் ஒருவர் இருக்கிறார். "அண்ணா, பேப்பரெல்லாம் எடுத்தாச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல. ஆனா ஜாம் ஜாம்னே காட்டுது" என்று வந்தார். சர்வீஸ் சென்டரில் மெயின்போர்டு மாற்ற வேண்டும், அதற்குப் புதுப் பிரிண்டரே மேல் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். "கிழிஞ்ச பேப்பர் எங்கம்மா?" என்று கேட்டேன். குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வந்தார். துண்டுகளைத் தரையில் பரப்பி ஒன்றோடொன்று பொருத்தியபோது ஒரு மூலையில் கட்டைவிரல் நகமளவு இடம் காலியாக இருந்தது. அந்தத் துண்டு பின்மூடிக்கு உள்ளே, ஒரு நெம்புகோலின் இடுக்கில் அதை நிமிரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் எடுத்ததும் மெஷின் தானே சுழன்று தயாராகிவிட்டது. போர்டு நன்றாகவே இருந்தது. ஜாம் எடுக்கும் யாரும் கிழிந்த தாளைக் கசக்கி எறியக் கூடாது என்று நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதனால்தான். தாளை முழுசாகப் பொருத்திப் பார்க்கும்வரை ஜாம் எடுத்து முடிந்ததாகாது. என்ன குறைகிறது என்பதை அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும்.

தூக்கிப் போடு என்பவர்களுக்கு அடுத்தபடியாக நான் மறுக்க வேண்டியவர்கள், "பிடிச்சு ஒரே இழுப்பா இழு" என்பவர்கள். இவர்கள் கையால் கெட்ட பிரிண்டர்களே உண்மையான ரிப்பேருக்குப் போகின்றன. காகிதம் உருளைகளுக்கு நடுவே ஒரு திசையில் போகும்படி கோக்கப்பட்டது. எதிர்த்திசையில் இழுத்தால் கியர்கள் முரண்டும், தாள் கிழியும், நெம்புகோல் முறியும். லேசர் பிரிண்டராக இருந்தால் தாளில் இன்னும் ஒட்டாத கரித்தூள் உள்ளே முழுக்கக் கொட்டும். ஆகவே முதலில் மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். லேசரில் தூளை உருக்கிக் காகிதத்தில் பதியவைக்கும் ஃபியூசர் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை சுடுகிற பகுதி, அது ஆறட்டும். முன்மூடி, டிரே, பின்மூடி எல்லாவற்றையும் திறந்து, தாள் எந்தப் பக்கம் அதிகம் தெரிகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் முன்மூடியோடு நின்றுவிடுகிறார்கள். பின்மூடி என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. பின்மூடிக்குள் அழுத்தத்தைத் தளர்த்தும் சிறு பிடிகள் இருக்கும். பயனர் கை வைக்க வேண்டிய இடங்களைப் பல கம்பெனிகள் பச்சை அல்லது நீல நிறத்தில் செய்கின்றன. அவற்றை விடுவித்துவிட்டு, தாளின் இரண்டு ஓரங்களையும் இரண்டு கையாலும் பிடித்து, அது போகவேண்டிய திசையிலேயே மெல்ல வாங்க வேண்டும். டிரேயை விட்டு இப்போதுதான் கிளம்பிய தாளை மட்டும் டிரே பக்கமாகவே எடுத்துவிடலாம். ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுத்தால் தாள் கோணி மூலை கிழியும். அந்த மூலைதான் பிறகு போர்டு போனதாக வேஷம் போடும்.

துண்டு கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் கத்தி, ஊசி, கொண்டை ஊசி எதுவும் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை அட்டை போன்ற விறைப்பான அட்டையை டிரே பக்கமிருந்து பாதையில் நுழைத்துத் துண்டை முன்னால் தள்ளுங்கள். எண்ணெய் விடாதீர்கள், பவுடர் தூவாதீர்கள். உருளை வேலை செய்வதே உராய்வினால்தான். எண்ணெயும் பவுடரும் அதைக் கொன்றுவிடும். லேசர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தால் அதிலுள்ள உருளையைத் தொடாமல், வெளிச்சம் படாமல் ஒரு காகிதத்தால் மூடி வைக்க வேண்டும். நெசவு வீடுகளில், தறி ஓடும் அறையில் அதைக் கழற்றவே கூடாது. கரித்தூள் பாவில் விழுந்தால் உதறித்தான் எடுக்க வேண்டும்; துணியில் பட்டால் குளிர்ந்த நீர் மட்டுமே, வெந்நீர் பட்டால் தூள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

இங்க் பிரிண்டரில் ஆபத்து வேறு. மை தெளிக்கும் தலை இடமும் வலமும் ஓடுவதற்குப் பின்னால், அகலம் முழுக்க மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் நாடா ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் உண்டு. தலை எங்கே இருக்கிறது என்பதை மெஷின் அந்தக் கோடுகளை எண்ணித்தான் அறிகிறது. சிக்கிய காகிதத்தைத் தேடும் அவசரத்தில், பேக்கிங்கில் மிச்சமிருந்த பிளாஸ்டிக் என்று நினைத்து இந்த நாடாவைப் பிடுங்கிவிடுபவர்கள் உண்டு. அத்தோடு நன்றாக இருந்த மெஷினுக்கு உண்மையிலேயே வைத்தியம் பார்க்கும்படி ஆகிவிடும். அந்த நாடாவில் விரல் பிசுக்கு பட்டாலே தலை தடுமாறி ஜாம் என்று காட்டக்கூடும். அதை விட்டுவிடுங்கள். தலையையும் பலவந்தமாக நகர்த்தாதீர்கள்.

இவ்வளவும் செய்து தாளை எடுத்த பிறகு, மறுநாள் மறுபடியும் சிக்குகிறது என்கிறார்கள். "பாத்தியா, மெஷின் போச்சு" என்று தூக்கிப் போடு கட்சி உடனே கையைத் தட்டுகிறது. இங்கேதான் அவர்கள் தோற்கும் இடம் இருக்கிறது. அடுக்கி வைத்த தாள்களில் மேலேயுள்ள ஒன்றை மட்டும் பிரித்து எடுப்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதை அவர்கள் யோசித்ததே இல்லை. எடுக்கும் உருளைக்கும் தாளுக்கும் இடையிலுள்ள உராய்வு எல்லாவற்றிலும் அதிகமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே இரண்டாவது தாளைத் தடுத்து நிறுத்தும் பிரிப்புப் பட்டையின் உராய்வு அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தாளுக்கும் தாளுக்கும் இடையிலுள்ளது எல்லாவற்றிலும் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றின் வரிசை மாறாமல் இருந்தால் ஒவ்வொரு தாளாக வரும். உருளையின் ரப்பரில் காகிதத் தூள் படிந்து பளபளப்பாகிவிட்டால் முதல் உராய்வு குறைந்து தாள் தாமதமாகக் கிளம்பும். மெஷின் அதையும் ஜாம் என்றே சொல்லும். பட்டை தேய்ந்தால் இரண்டு தாள் ஒன்றாக நுழைந்து நெரியும். துவைத்துத் துவைத்து நூல் உதிராமல் போன பழைய வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, உருளையைக் கையால் சுழற்றிச் சுழற்றித் துடைத்துக் காயவிட்டால் பாதிப் பிரிண்டர்கள் பிழைத்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ரப்பர் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் உருளையும் பட்டையும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். அவை விலை அதிகமில்லாத சாமான்கள். புதுப் பிரிண்டர் வாங்கு என்று சொன்ன எவரும், "உருளையைத் துடைத்தீர்களா?" என்று கேட்டு நான் கண்டதில்லை.

மூன்றாவது உராய்வு, அதாவது தாளுக்கும் தாளுக்கும் இடையிலானது, நம் ஊர்க் காற்றின் கையில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது இந்த ஆற்றங்கரையில் காற்றின் ஈரப்பதம் காலை வேளைகளில் 80 சதவீதத்தைத் தாண்டும். சாதாரண ஏ4 தாள் சதுர மீட்டருக்கு 75 கிராம். ஒரு தாள் 5 கிராம்கூட எடை இருக்காது. ஆலையிலிருந்து வரும்போது அதில் சுமார் 5 சதவீதம் ஈரம் இருக்கும். திறந்த டிரேயில் ஒரு வாரம் கிடந்தால் அது ஈரத்தை உறிஞ்சி ஓரங்களில் அலையலையாக எழும்பும், ஒன்றோடொன்று ஒட்டும். லேசரின் சூட்டில் அந்த ஈரம் சட்டென்று ஆவியாகும்போது தாள் சுருளும். சுருண்ட முனை வெளிவாயில் மாட்டும். காகிதக் கட்டைச் சுற்றி வரும் உறை ஈரம் புகாமல் தடுக்கவென்றே செய்யப்பட்டது. பிரித்ததும் அதைக் கிழித்தெறிந்துவிடுகிறோம். மீதித் தாளை அதே உறையில் மடித்து, தரையில் படாமல், தட்டையாக வைத்து, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் டிரேயில் போட்டால் மழைக்கால ஜாம்களில் பெரும்பகுதி இருக்காது. 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யும் தாளானாலும் சரி, வெளிநாட்டு மரக்கூழ்த் தாளானாலும் சரி, ஈரத்தின் முன் எல்லாம் ஒன்றே. "லோக்கல் பேப்பர் போட்டா அப்படித்தான்" என்று நம் தாளைப் பழிப்பதும் இந்தப் பொது அறிவின் ஒரு கிளை. அதையும் சேர்த்தே மறுக்கிறேன்.

இந்த வட்டாரத்துக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. காஞ்சிபுரத்திலும் ஐயம்பேட்டையிலும் விடிகாலையில் தெருநீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி தெளிப்பவர்கள் வானத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவதில்லை. மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் ஊறும், ஜக்கார்டு அட்டை ஈரத்தில் உப்பினால் துளை ஊசிக்கு நேராக நிற்காது, பூ பிசகும். இதெல்லாம் இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அதைத் தேடிப் பிடித்து, முடிபோட்டு, அச்சில் கோத்து, மேலே நெய்வார்கள். இழை அறுந்ததற்காகத் தறியை விறகாக்கு என்று ஒருவர் சொன்னால் தெருவே அவரைத் திட்டும். அதே வீட்டு முன்னறையில் அதே கைகளுக்குச் சொந்தமான பிரிண்டரில் ஒரு தாள் மாட்டினால் மட்டும், "நமக்கு இது தெரியாது" என்று அந்தக் கைகள் ஏன் பின்வாங்க வேண்டும்?

சிக்கனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பக்கம் அச்சான தாளின் மறுபக்கத்தில் அச்சடிப்பதால்தான் மெஷின் கெடுகிறது என்று சிலர் பிள்ளைகளைக் கண்டிக்கிறார்கள். கண்டிக்க வேண்டாம், வழி சொல்லிக்கொடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்ட தாள் வளைந்திருக்கும். அதைக் கனமான புத்தகத்தின் கீழ் வைத்துத் தட்டையாக்க வேண்டும். பின் குத்திய தாள், பின்னை எடுத்திருந்தாலும், ஆகாது. கிழிந்த துளை உருளையில் மாட்டும். ஒவ்வொரு தாளாக ஊட்டினால் இன்னும் நல்லது. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாளில் அச்சடிப்பவர்களும் கேட்க வேண்டும்: அது அளவில் வேறு, கனத்தில் வேறு, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து நீட்டுகிறோம். மடிப்பு இருக்கும் முனையை முன்னால் விட்டால் எந்தப் பிரிண்டரும் மாட்டும். டிரேயின் பக்கத் தடுப்புகளை அந்தத் தாளின் அகலத்துக்கு நகர்த்தாமல் விட்டாலும் மாட்டும்.

கொஞ்சம் படித்தவர்களிடம் வேறொரு வாதம் இருக்கிறது: "கம்பெனிக்காரனே இப்படிக் கெடற மாதிரிதான் செய்யறான்." இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மை இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும் கார்ட்ரிட்ஜ்களைப் பற்றிய புகார்கள் உலகெங்கும் உண்டு. பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதைப் பிரான்ஸ் 2015இல் குற்றமாக்கியது. 2017இல் அங்கே ஒரு நுகர்வோர் அமைப்பு பிரிண்டர் கம்பெனிகள் மீதே அந்தச் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்தது. மையின் கதை அது. காகிதம் சிக்குவதை அந்தக் கணக்கில் எழுதக் கூடாது. செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் உலர்முறையில் முதல் நகலை எடுத்தார். அந்த முறையில் 1959இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 மெஷினில் தாள் சிக்கினால் சூட்டில் கருகித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால், கூடவே ஒரு தீயணைப்பானையும் கொடுத்தார்கள். தம் அலுவலக மெஷின் நாலு மாதத்தில் மூன்று முறை தீப்பற்றியதாக நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடர் சொன்னார். இதில் கவனிக்க வேண்டியது: அந்த மெஷினைக் கம்பெனி பெரும்பாலும் வாடகைக்கே விட்டது, எடுக்கும் நகலின் எண்ணிக்கைக்குத்தான் காசு வாங்கியது. தாள் சிக்கி நின்ற ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம் கம்பெனிக்கு. அப்படியிருந்தும் சிக்கியது. மெலிந்த, ஈரத்தை உறிஞ்சும் ஒரு பொருளை உராய்வால் பிரித்துச் சூட்டின் வழியே வேகமாக அனுப்பும் எந்த மெஷினுக்கும் இந்தத் தொல்லை உண்டு. எல்லாம் சதி என்பவர், எல்லாம் விதி என்பவரைப் போலவே, மூடியைத் திறக்காமல் இருக்க ஒரு சாக்கைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்.

காகிதம் சிக்கியதிலிருந்து உலகத்தையே மாற்றிய ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை அறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை செய்த காலத்தில், மாடியில் இருந்த பிரிண்டரில் அடிக்கடி தாள் சிக்கும். சிக்கியதைத் தடுக்க முடியாவிட்டாலும், சிக்கியதும் அச்சுக்காகக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி போகும்படி அவர் அந்தப் பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தினார். யாராவது ஒருவர் போய்ச் சரிசெய்துவிடுவார். 1980ஐ ஒட்டி ஜெராக்ஸ் கம்பெனி ஒரு புதிய லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. மென்பொருளின் மூலநிரலைக் கொடுக்கவில்லை. மூலநிரல் வைத்திருந்த கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரிடம் ஸ்டால்மன் நேரில் போய்க் கேட்டார். தரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு உண்டாக்கிய கோபத்துக்கு, 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலும் அதிலிருந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்திலும் பெரிய பங்குண்டு. அந்த இயக்கத்தோடு சேர்ந்து வளர்ந்த லினக்ஸ் இயங்குதளத்துக்குக் காஞ்சிபுரத்திலேயே ஒரு பயனர் குழு இருக்கிறது. புதிய விண்டோஸில் ட்ரைவர் கிடைக்காமல் மூலையில் கிடக்கும் பழைய பிரிண்டர்கள் பல லினக்ஸில் இன்றும் ஓடுகின்றன. தமக்கு மறுக்கப்பட்ட ஓர் அறிவுக்காக ஸ்டால்மன் சண்டை போட்டார். நமக்கு அந்த அறிவு மறுக்கப்படவே இல்லை. ஜாம் எடுக்கும் முறையைப் படம் போட்டு ஒவ்வொரு கம்பெனியும் தன் கையேட்டில் கொடுத்திருக்கிறது. மூடியைத் திறந்தால் வாரன்டி போய்விடும் என்று பயமுறுத்துபவர்களுக்கும் இதுவே பதில். கையால் திறக்கும் மூடிகள் நாம் திறப்பதற்கென்றே வைக்கப்பட்டவை. திருகாணி போட்ட இடத்தை மட்டும் தெரிந்தவருக்கு விட்டுவிடலாம்.

"ஊர்ல இதெல்லாம் பாக்க ஆளில்ல" என்ற புலம்பலைத் திருமுக்கூடலில் நின்றுகொண்டு கேட்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இங்கே அப்பன் பிரசன்ன வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து நடந்த கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் 15 படுக்கை கொண்ட மருத்துவமனையையும் அது விவரிக்கிறது. மருத்துவர் யார், அறுவை செய்பவர் யார், மூலிகை கொண்டுவருபவர் யார், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் யார், ஒவ்வொருவருக்கும் என்ன கூலி, என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பதுவரை அதில் எழுதியிருக்கிறார்கள். அதன் பழமையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: வரப்போகும் நோய்க்கு முன்கூட்டியே ஆளும் பொருளும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நம் பள்ளிக் கணினி வகுப்புகளில் பிரிண்டரை இயக்கச் சொல்லித்தருகிறோம். ஒரு வகுப்பிலாவது அதன் பின்மூடியைத் திறந்து காட்டலாம். ஊருக்கு ஒரு டார்ச், ஓர் இடுக்கி, இரண்டு உருளை இருப்பு வைக்கலாம். ஆளில்லை என்று சொல்பவர்கள் ஆளை உருவாக்க ஒரு மணி நேரம்கூடச் செலவழித்ததில்லை.

நேரமும் பணம்தான் என்பார்கள். சிக்கிய தாளைப் பொறுமையாக எடுக்க ஆகும் நேரம், புதுப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, காஞ்சிபுரம் போய் வாங்கி வந்து, ட்ரைவர் ஏற்றி, புது மாடலுக்கேற்ற கார்ட்ரிட்ஜ் தேடும் நேரத்தில் சிறு பங்கு. பழையதற்கான மை பாட்டில்களும் கார்ட்ரிட்ஜும் வீணாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பரணில் ஏறிய பிரிண்டர் ஒருநாள் பழைய இரும்புக் கடைக்குப் போகும். உலகம் 2022இல் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் என்று ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகளில் பிரிண்டரும் அதன் கார்ட்ரிட்ஜும் அடக்கம். 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு தளத்தையே தொடங்கியது. அரசாங்கமே உரிமை என்று ஏற்றுக்கொண்ட ஒன்றை நாம் வீட்டில் வீண்வேலை என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாப் பிரிண்டரும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. புதிதாகப் பிரித்த உலர்ந்த தாள், துடைத்த உருளை, மாற்றிய பட்டை, ஒரு துண்டும் மிச்சமில்லாத பாதை, இவ்வளவுக்குப் பிறகும் ஒவ்வொரு தாளும் அதே இடத்தில் விசிறிபோல மடிந்து நின்றால் ஃபியூசரின் உறை கிழிந்திருக்கலாம், கியரின் பல் போயிருக்கலாம். அதை மாற்றும் செலவு மெஷினின் விலையை நெருங்கினால் விட்டுவிடுவதில் தவறில்லை. அப்போதும் பரணும் பழைய இரும்புக் கடையும் வேண்டாம். அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளர்களின் பட்டியல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. அனுப்பும் முன் டிரேயையும் எடுக்கும் உருளையையும் பிரிப்புப் பட்டையையும் கழற்றி, அதே மாடல் வைத்திருக்கும் வீடு எது என்று தெருவில் விசாரியுங்கள்.